கரையில் கத்தும் வாத்துக்குஞ்சு

ஏரி நிரம்பி, கரையோரக் கோரையும் சம்பும் தழைத்த பிறகுதான் நம் ஊர்க் காட்டு வாத்துகள் முட்டையிடும். தென்னிந்தியாவில் இது பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே நடக்கும். மழை முன்னே பின்னே போனால் முட்டையும் முன்னே பின்னே போகும். அதற்குப் பிந்தைய வாரங்களில் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ, ஏன், ஊரை ஒட்டிய தார்ச்சாலையிலோகூட, தன்னந்தனியாக நின்று கத்திக்கொண்டிருக்கும் ஒரு வாத்துக்குஞ்சு யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஆடு மேய்ப்பவராக இருக்கலாம், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளாக இருக்கலாம், காலை நடைக்குப் போனவராக இருக்கலாம். பார்த்தவருக்கு மனசு கேட்காது. குனிந்து எடுத்துவிடுவார். அந்த இரக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் குஞ்சு பிழைக்குமா என்பதை அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த இரக்கம் என்ன செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தாயிடமிருந்து அதைப் பிரித்துக்கொண்டு போவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதல் விஷயம், தனியாக நிற்கும் குஞ்சு அனாதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புறா, காகம், மைனா ஆகியவற்றின் குஞ்சுகள் கண் திறக்காமல், இறகில்லாமல் பிறந்து வாரக்கணக்கில் கூட்டில் கிடப்பவை. வாத்துக்குஞ்சு அப்படியில்லை. முட்டையிலிருந்து வரும்போதே கண் திறந்திருக்கும். உடம்பு முழுக்கத் தூவி இருக்கும். ஈரம் காய்ந்ததும் எழுந்து நடக்கும். தாய் நாளுக்கு ஒரு முட்டையாக இட்டு, ஏறத்தாழ எல்லாவற்றையும் இட்டு முடித்த பிறகே முழுதாக அடைகாக்க உட்காரும். அதனால் முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரியும். பொரித்து ஒரு நாளைக்குள் தாய் மொத்தக் கூட்டத்தையும் தண்ணீருக்கு அழைத்துப் போய்விடும். கூடு தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. புள்ளிமூக்கு வாத்து கரையோரப் புல்லுக்குள் தரையில் கூடு கட்டும். சீழ்க்கைச் சிறகி மரப்பொந்திலும் கட்டும், நாணலுக்குள்ளும் கட்டும், கொக்கும் நாரையும் விட்டுப்போன பழைய கூட்டிலும் முட்டையிடும். குள்ளத் தாரா மரப்பொந்துக்காரி. பொந்தில் பொரித்த குஞ்சுகள் தாய் கீழிருந்து கூப்பிட்டதும் ஒவ்வொன்றாகக் குதிக்கும். எடை மிகக் குறைவு, தூவியோ அடர்த்தி. காற்றே பாதி வேகத்தைத் தாங்கிக்கொள்வதால் அடி படுவதில்லை. வட அமெரிக்காவின் மர வாத்துக் குஞ்சுகள் 15 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து குதித்தும் காயமின்றி நடந்து போவது நன்கு பதிவாகியிருக்கிறது. ஆகவே மரத்தடியில் ஒரு குஞ்சு நின்றால் அது விழுந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பயணம் தொடங்கிய நேரத்தில் நாம் அங்கே போயிருக்கலாம்.

நடக்கும் வழியில் நாயோ, மாடோ, மனிதரோ எதிர்ப்பட்டால் தாய் ஒரு எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் சிதறிப் புல்லுக்குள் பதுங்கி அசையாமல் கிடக்கும். தாய் இறக்கை முறிந்தது போல் தரையில் அடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடி, வந்தவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஆபத்து விலகிய பிறகு திரும்பி வந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டு ஒன்று சேர்க்கும். இந்த ஏற்பாட்டில் ஆபத்தாக இருப்பது நாம்தான் என்றால், நாம் அங்கேயே நிற்கும்வரை தாய் வராது. சுற்றி நின்று படம் எடுப்பவர்கள், ‘தாயைக் காணவில்லை’ என்று சொல்வதற்கும் இதுவே காரணம். செய்ய வேண்டியது விலகுவது. நன்றாகத் தள்ளி, மரத்துக்குப் பின்னாலோ கரைக்கு மறுபுறமோ மறைந்து, நாயையும் பிள்ளைகளையும் அப்பால் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரமாவது பேசாமல் பார்க்க வேண்டும். குஞ்சு சாலை நடுவில் நின்றால் மட்டும், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தண்ணீருக்குப் பக்கத்தில், புல் மறைவில் கொண்டுபோய் விடலாம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. அது உண்மையில்லை. மனித வாசனைக்காகப் பறவைகள் தங்கள் குஞ்சைக் கைவிடுவதில்லை. தாய் தன் குஞ்சைக் குரலாலும் பார்வையாலும் அறிகிறது.

சென்னையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் குறுக்கே பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை போகிறது. ஒரு பக்கத் தண்ணீரிலிருந்து மறுபக்கத் தண்ணீருக்குக் குஞ்சுகளோடு கடக்க நினைக்கும் வாத்துக்கு அந்தச் சாலை ஆற்றைவிடப் பெரிய தடை. இப்படி ஏரியைப் பிளந்து போடப்பட்ட சாலைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வண்டியில் தாய் அடிபட்டுக் கிடப்பதை நேரில் கண்டால், அல்லது நாய் கவ்விய காயம், தொங்கும் கால், ரத்தம், நிற்க முடியாத தளர்ச்சி ஆகியவை குஞ்சிடம் தெரிந்தால், அல்லது மறைந்திருந்து பார்த்தும் நெடுநேரம் எந்தப் பெரிய பறவையும் வராமல் இருட்டத் தொடங்கினால், அப்போது எடுக்கலாம். எடுத்தே ஆகவும் வேண்டும்.

எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இது வாத்துக்குஞ்சுதானா என்பது. ஏரிக்கரையில் கண்டெடுக்கப்பட்டு ‘வாத்துக்குஞ்சு’ என்று பெயர் வாங்கும் பறவைகளில் கணிசமானவை வாத்தே இல்லை. அடையாளம் காணத் தூவியின் நிறத்தைப் பார்ப்பதைவிடக் காலைப் பார்ப்பது மேல். முன்பக்கம் மூன்று விரல்கள், அவற்றுக்கிடையே நகம்வரை முழுச் சவ்வு, தட்டையான அலகு, அலகின் நுனியில் சின்ன நகம் போன்ற தடிப்பு. இந்த மூன்றும் இருந்தால் வாத்து. விரல்களுக்கு நடுவில் சவ்வு இல்லாமல், ஒவ்வொரு விரலும் தனித்தனியாக இலை போல் அகன்றிருந்தால் அது நாமக்கோழியாகவோ முக்குளிப்பானாகவோ இருக்கும். நாமக்கோழிக் குஞ்சு கறுப்பு உடம்பும், தலையைச் சுற்றிச் செம்மஞ்சள் தூவியும், வழுக்கை போன்ற சிவந்த உச்சியுமாக, ஒருமுறை பார்த்தால் மறக்காத தோற்றம் கொண்டது. முக்குளிப்பான் குஞ்சின் தலையிலும் கழுத்திலும் வெள்ளைக் கோடுகள் ஓடும். தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் குஞ்சு அதுதான். விரல்கள் மெலிந்து நீண்டு, சவ்வே இல்லாமல், உடம்பு முழுக்கக் கறுப்பாக இருந்தால் தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி ஆகியவற்றில் ஒன்று. இவற்றில் தாழைக்கோழிக் குஞ்சுக்குச் சிவந்த அலகும் அதன் முனையில் மஞ்சளும் இருக்கும். நெட்டைக் கால்களும் மணல் நிறப் புள்ளிகளும் இருந்தால் ஆட்காட்டி.

இந்தப் பிரிப்பு வெறும் பெயருக்காக இல்லை. வாத்துக்குஞ்சு பிறந்த நாளிலிருந்தே தானாகப் பொறுக்கித் தின்னும், தாய் ஊட்டுவதில்லை. நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான் குஞ்சுகளுக்குப் பெற்றோர் முதல் நாட்களில் அலகோடு அலகு வைத்து ஊட்டும். அந்தக் குஞ்சின் முன் தட்டில் தீனி வைத்துவிட்டு ‘சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்று காத்திருந்தால் அது பட்டினியில் செத்துவிடும்.

வாத்துதான் என்று உறுதியானால் எந்த வாத்து என்ற கேள்வி வரும். இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் குளிர்காலத்தில் நாம் பார்க்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், வரித்தலை வாத்து எல்லாம் மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருபவை. அவை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் கையில் கிடைக்கும் காட்டு வாத்துக்குஞ்சு ஏறக்குறைய எப்போதும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். முகமும் வயிறும் மஞ்சள், முதுகு அடர்பழுப்பு, முதுகில் மஞ்சள் திட்டுகள், கண்ணை ஊடுருவும் ஒரு கறுப்புக் கோடு: இது புள்ளிமூக்கு வாத்து. வளர்ந்த பறவையின் அலகு முனையிலுள்ள மஞ்சளும் அடியிலுள்ள சிவப்புப் புள்ளியும் குஞ்சிடம் இருக்காது என்பதால் அதைத் தேட வேண்டாம். மஞ்சளே இல்லாமல் கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் பின்தலையில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் சீழ்க்கைச் சிறகி. அதே கறுப்பு வெள்ளையில் இன்னும் பொடியாக, அலகு குட்டையாகக் கோழிக்குஞ்சின் அலகை நினைவூட்டினால் குள்ளத் தாரா. சீழ்க்கைச் சிறகியில் தாய், தந்தை இரண்டுமே குஞ்சுகளைக் கவனிக்கும். புள்ளிமூக்கு வாத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தாயுடையது. தேடும்போது இது உதவும். மேலே சீழ்க்கையடித்தபடி வட்டமிடும் ஒரு ஜோடியைக் கண்டால் அவை அநேகமாகத் தங்கள் குஞ்சைத்தான் தேடுகின்றன.

நாலாவது சாத்தியம் ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் வாத்து மேய்ப்பவர்கள் நம் மாவட்டங்களில் ஊர் ஊராகப் போகிறார்கள். கூட்டத்திலிருந்து பிரிந்த குஞ்சு எங்கேனும் நிற்கலாம். மணிலா வாத்தைத் தவிர நாம் வளர்க்கும் வாத்துகள் எல்லாம் மல்லார்டு என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மல்லார்டு புள்ளிமூக்கு வாத்துக்கு மிக நெருங்கிய உறவு. அதனால் வளர்ப்பு வாத்தின் பழுப்பு மஞ்சள் குஞ்சையும் புள்ளிமூக்கு வாத்துக் குஞ்சையும் நிறத்தால் மட்டும் பிரிப்பது பழகியவருக்கே கடினம். முழு மஞ்சள் என்றால் வளர்ப்புதான். மற்றபடி நடத்தையைப் பார்க்க வேண்டும். பொரிப்பகத்தில் பிறந்து ஆட்களோடு வளர்ந்த குஞ்சு மனிதரைக் கண்டு ஓடி வரும். காட்டுக் குஞ்சு பதுங்கும், தப்பித்துத் தண்ணீருக்குள் பாயும். பக்கத்து வயலில் வாத்துக் கூட்டம் போட்டிருக்கிறதா என்று விசாரித்துவிடுவதும் நல்லது. மேய்ப்பவர் ஒரு பார்வையில் தன்னுடையதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வளர்ப்பு வாத்தை ஏரியில் ‘விடுதலை’ செய்வதும் தவறு. அது புள்ளிமூக்கு வாத்தோடு கலந்து கலப்பினக் குஞ்சுகளைத் தரக்கூடியது.

இனி, தாய் இல்லாத இந்தச் சில மணி நேரத்தில் குஞ்சுக்கு என்ன குறைகிறது என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் சூடு. பொரித்த புள்ளிமூக்கு வாத்துக் குஞ்சின் எடை 30 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். உடல் சிறுத்தால் எடைக்கு ஏற்ற பரப்பு கூடும், அதாவது சூடு வெளியேறும் வழி கூடும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே முழுதாகக் காத்துக்கொள்ள முடியாது. அடிக்கடி தாயின் வயிற்றடியில் புகுந்துகொள்ளும். முதல் வாரத்தில் அதற்குத் தேவை 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். நம் பகல் வெயிலில் இது தானாகவே கிடைத்துவிடும் போலத் தோன்றும். ஆனால் கார்த்திகை, மார்கழி இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, அதுவும் மழையில் நனைந்த குஞ்சு, விடியும்வரை தாங்காது.

ஆகவே அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுத் துளைகள் போட்டு, அடியில் பழைய பருத்தித் துணி விரித்து, ஒரு மூலைக்கு மட்டும் சூடு தர வேண்டும். செய்தித்தாளை விரிக்கக் கூடாது; வழுக்கிக் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நிரந்தரமாகக் கோணிவிடும். சூட்டுக்குப் பழைய 40 வாட் குண்டு பல்பு போதும். இப்போது வீடுகளில் இருக்கும் எல்இடி விளக்கில் அந்தச் சூடு வராது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பல்பு இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும், ஆறிய புட்டி குஞ்சின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஒரு மூலையில் மட்டும் இருப்பது முக்கியம். குளிர்ந்தால் அருகில் வரவும், அதிகமானால் விலகவும் குஞ்சுக்கே தெரியும். புட்டியோடு ஒட்டிக்கொண்டு ஓயாமல் கத்தினால் சூடு போதவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கி எதிர்மூலைக்கு ஓடினால் அதிகம். மெல்லிய தொடர் முணுமுணுப்போடு படுத்துக்கொண்டால் சரியாக இருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். வாத்துதானே என்று வாளியிலும் குளியல் தொட்டியிலும் விட்டுவிடுகிறார்கள். கண்டெடுக்கப்பட்ட குஞ்சுகள் இறப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். வாத்தின் தூவி நனையாமல் இருப்பது அதன் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் காற்றைச் சிறைபிடிப்பதால். வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துத் தடவித் தடவி அந்தப் பின்னலைப் பறவை பராமரிக்கிறது. குஞ்சிடம் அந்தச் சுரப்பி இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை. ஏரியில் அது நீந்துகிறதே என்றால், நீந்தி முடித்ததும் தாய் கரையேற்றிச் சிறகுக்குள் வைத்து உலர்த்துகிறது. சேறும், சிந்திய தீனியும், கையின் அழுக்கும் ஒட்டிய தூவி நீரை விலக்காது. ஈரம் தோல்வரை இறங்கும். தாயின் வயிற்றடி இல்லாத குஞ்சு தொட்டியில் சில நிமிடம் நீந்திவிட்டுக் குளிரில் விறைத்துப்போகும். அதோடு, செங்குத்தான வாளிச் சுவரில் ஏறி வெளியே வரவும் முடியாது. கொடுக்க வேண்டியது குடிக்கத் தட்டை மூடியில் கொஞ்சம் தண்ணீர். அலகும் மூக்குத் துளையும் முங்கும் ஆழம் போதும். தீனி அடைத்த மூக்கை வாத்து தண்ணீரில் அலசியே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே நாலைந்து கூழாங்கல் போட்டுவிட்டால் குஞ்சு உள்ளே இறங்கி உட்காராது.

தீனி விஷயத்தில் அவசரம் வேண்டாம். பொரிக்கும்போது மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருக்கும். முதல் ஓரிரு நாளுக்கு அது தாங்கும். விறைத்த உடம்பால் செரிக்கவும் முடியாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகே தீனி. இயற்கையில் முதல் வாரங்களில் குஞ்சு தின்பது பெரும்பாலும் உயிரினங்கள்: நீர்ப்பூச்சிகள், அவற்றின் புழுக்கள், பொடி நத்தை, கொசுப்புழு. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும். பிறகுதான் விதைக்கும் இலைக்கும் மாறும். ஒரு இரவு சமாளிக்க, நன்றாக மசித்த வேகவைத்த முட்டை, பொடியாக நறுக்கிய அசோலா, மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனம் ஈரமாக்கியது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ரொட்டி, பொரி, பிஸ்கட் வேண்டாம். வயிற்றை நிரப்பும், வளர்க்காது. பால் அறவே கூடாது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஏற்பாடு பறவைக்குக் கிடையாது. வாயைத் திறந்து ஊட்டுவதோ, பஞ்சால் தண்ணீர் பிழிவதோ கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கோழித் தீவனம் ஒரு நாளுக்குச் சரி, வாரக்கணக்கில் சரிப்படாது. காரணம் நியாசின் என்ற பி-வகை வைட்டமின். கோழியின் உடம்பு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தனக்கு வேண்டிய நியாசினில் ஒரு பங்கைத் தயாரித்துக்கொள்ளும். வாத்தின் கல்லீரலில் அந்தப் பாதையின் நடுவிலேயே வேறொரு நொதி வீரியமாக நின்று, டிரிப்டோபானை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. அதனால் வாத்துக்குஞ்சுக்குத் தீவனத்திலேயே கோழிக்குஞ்சைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நியாசின் தேவை. கிடைக்காவிட்டால் கால் எலும்பு வளையும், மூட்டு வீங்கும், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அதிகச் சத்துள்ள தீனியை அளவில்லாமல் கொடுத்தால் இறகு வேகமாகக் கனத்து, மணிக்கட்டு மூட்டு அதைத் தாங்க முடியாமல் வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும். வளர்ந்த பிறகு அந்தத் திருகலைச் சரிசெய்ய முடியாது. பறவை வாழ்நாள் முழுதும் பறக்காது. அன்போடு கொட்டிக் கொடுத்தவர்களின் வீட்டில்தான் இந்தச் சிறகைப் பார்க்க முடியும் என்பது வருத்தமான உண்மை.

சூட்டையும் தீனியையும் எப்படியோ ஈடுகட்டிவிடலாம். தாயின் குரலை ஈடுகட்ட வழியில்லை. வாத்துக்குஞ்சைப் பற்றி அறிவியல் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். 1873-லேயே டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆய்வாளர், பொரித்த கோழிக்குஞ்சுகள் முதலில் காணும் அசையும் பொருளைப் பின்தொடர்வதை எழுதினார். ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரென்ஸ் 1935-ல் இதை முழு ஆய்வாக விரித்தார். தன்னை முதலில் கண்ட வாத்துக்குஞ்சுகள் தன் பின்னாலேயே வரிசையாக வந்ததைக் கொண்டு, குறுகிய காலத்துக்குள் விழுந்து பின் அழியாத ஒரு பதிவு அது என்று சொன்னார். 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் குறுகிய காலம் எவ்வளவு என்பதை அமெரிக்காவில் எக்கார்ட் ஹெஸ் மல்லார்டு குஞ்சுகளில் அளந்து பார்த்தார். பொரித்து 13 முதல் 16 மணி நேரத்தில் பதிவு மிக வலுவாக விழுந்தது. கூட்டை விட்டுத் தாயோடு கிளம்பும் நேரத்தையும் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கில்பர்ட் காட்லிப் என்ற ஆய்வாளர் இன்னும் பின்னே, முட்டைக்குள்ளேயே போனார். பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு மெல்லக் குரல் எழுப்பும். பொரித்த பிறகு தன் இனத் தாயின் அழைப்பை மற்றப் பறவைகளின் அழைப்பிலிருந்து பிரித்தறியும் திறனுக்கு, ஓட்டுக்குள் கேட்ட தன் சொந்தக் குரலே அடிப்படை என்று அவர் காட்டினார். குரல் எழுப்ப முடியாதபடி செய்யப்பட்டு, எதையும் கேட்காமல் வளர்ந்த குஞ்சுகள், தாயின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறியத் தடுமாறின. அதாவது, நாம் கையில் எடுக்கும் ஒரு நாள் குஞ்சு வெற்றுப் பலகையாக வருவதில்லை. தன் தாயை எப்படிக் கேட்டறிவது என்று பிறக்கும் முன்பே பழகிக்கொண்டு வருகிறது. கரையில் நின்று அது கத்தி அழைப்பதும் அந்தத் தாயைத்தான்.

இதை அறிந்த பிறகு, குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சுவதும், பெயரிட்டுக் கூப்பிடுவதும், பின்னால் ஓடி வரச்செய்து படம் எடுப்பதும் எனக்கு உறுத்துகின்றன. மனிதரோடு மட்டும் வளர்ந்த குஞ்சு மனிதரைத் தன் இனமாக எண்ணும். வளர்ந்து ஜோடி தேடும்போதும் அந்தக் குழப்பம் தொடரும். நாயைக் கண்டு ஒதுங்கவும், பருந்தின் நிழலுக்குப் பதுங்கவும், எந்தப் புதரில் என்ன கிடைக்கும் என்று தேடவும் அதற்குச் சொல்லித்தர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஏழெட்டு வாரத்தில் பறக்கத் தெரிந்தாலும் ஏரியில் வாழத் தெரியாது. ஆகவே பெட்டியை மூடி, அமைதியான அறையில் வைத்து, தேவைக்கு மட்டும் திறப்பதே அதற்குச் செய்யும் உதவி. தனியாகக் கத்தும் குஞ்சுக்குப் பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் கொஞ்சம் அடங்கும்; மீட்பு நிலையங்களில் இப்படிச் செய்வதுண்டு. நிஜத் துணைக்கு அது ஈடாகாது. அதே வயதுக் குஞ்சுகளுடன் சேர்ப்பதுதான் உண்மையான தீர்வு, அந்த வசதி வீட்டில் இருக்காது.

வீட்டுக் கோழி, வாத்துகளோடு சேர்த்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. காட்டு நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சல் கிருமியைத் தாங்கி வரக்கூடியவை; தாமே நோயுறாமல் சுமந்து வருவதும் உண்டு. 2014-ல் கேரளத்தின் குட்டநாட்டில் எச்5என்1 பரவியபோது வாத்து வளர்ப்பவர்கள் பட்ட பாடு பக்கத்திலிருந்து நாம் பார்த்தது. குஞ்சைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறையில் பெட்டியை வைக்கக் கூடாது. ஏரியில் பல பறவைகள் சேர்ந்து செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் காலையில் குஞ்சு தெம்பாக இருந்தால், எடுத்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. பறவைகள் அதிகம் நடமாடும் விடியலில் போய், தொலைவில் நின்று குஞ்சுகளோடு திரியும் தாயைத் தேடலாம். குஞ்சின் கத்தல் கேட்டுத் தாய் பதில் குரல் கொடுத்தால் போதும், தண்ணீரோரம் விட்டு விலகிவிடலாம். குஞ்சு தானே நீந்திப் போய்ச் சேரும். ஏதோ ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் நடுவில் விட்டுவிடுவது வேறு விஷயம். வேற்றுக் குஞ்சைக் கொத்தித் துரத்தும் தாய்கள் உண்டு. வயது பொருந்தாவிட்டால் துரத்தும் வாய்ப்பு கூடும். அப்படிச் சேர்ப்பதை அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடலாம்.

தாய் கிடைக்கவில்லை என்றால் குஞ்சு போக வேண்டிய இடம் வனத்துறை. இது விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வாத்துகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும், முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் குற்றம். காட்டுயிர் ஒன்று எப்படிக் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ பொறுப்புள்ள அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதன் 39-ஆவது பிரிவு சொல்கிறது. காப்பாற்ற எடுத்தவரைத் தண்டிக்க எழுதப்பட்ட விதி இல்லை அது. தெரிவித்துவிட்டால் அவருக்கும் பாதுகாப்பு. வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அங்கிருந்து ஆள் வரும்வரை அல்லது அவர்கள் சொல்லும் மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும்வரை மட்டுமே குஞ்சு நம் பொறுப்பு.

ஒப்படைக்கும்போது பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டும் போக வேண்டும். எந்த ஏரி, எந்தக் கரை, மதகுக்குப் பக்கமா கலிங்குக்குப் பக்கமா, எத்தனை மணிக்கு எடுத்தது, அருகில் பெரிய பறவைகளோ வேறு குஞ்சுகளோ இருந்தனவா, என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். எடுத்த இடத்திலேயே காலையும் அலகையும் முதுகையும் செல்பேசியில் மூன்று படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். மீட்பு நிலையத்தில் அதே இனத்தின் வேறு குஞ்சுகள் இருந்தால் அவற்றோடு சேர்ப்பதற்கும், இறகு முளைத்துப் பறக்கத் தயாரானதும் எந்தத் தண்ணீரில் விடுவது என்று முடிவு செய்வதற்கும் அவர்கள் முதலில் கேட்கப்போவது இந்த விவரங்களைத்தான்.